மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள்

கரட்டுப்பாளையத்தில் பிள்ளைகளுக்கு வயது ஏறாமல் நின்றுபோன சங்கதியை முதன்முதலில் கண்டுபிடித்தது டாக்டரும் இல்லை, ஜோசியரும் இல்லை. கோச்சிங் சென்டர் கேட்டுக்கு எதிரே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ரசாக் பாய்தான். வருசா வருசம் ஆனி மாதம் யூனிபார்முக்கு அளவெடுக்கிறவர், மூன்றாவது வருசமும் அதே பையனுக்கு அதே தோள், அதே கை, அதே கால் நீளம் வரக்கண்டு, டேப்பு இழுவை கண்டுவிட்டது என்று தூக்கிக் குப்பையில் எறிந்தார். புது டேப்பு வாங்கி அளந்தார். அதுவும் அதையே சொல்லிற்று. பழைய நோட்டைப் புரட்டினார். பாஸாகிப் போன பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரியாது, அவர்கள் போன இடத்தில் வளர்ந்திருப்பார்கள். ஆனால் ஃபெயிலாகி, மறு வருசமும் ஃபெயிலாகி, அங்கேயே தங்கிப் படிக்கிற பிள்ளைகள், ரிப்பீட்டர் என்று ஊரே கூப்பிடுகிற அந்தப் பிள்ளைகள், ஒருத்தர் விடாமல் பதினேழு வயசிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். ரசாக் பாய் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நல்லதாப் போச்சு, இனி அளவெடுக்குற வேலை மிச்சம்," என்று சொல்லிவிட்டு, பழைய நோட்டைப் பார்த்தே துணி வெட்ட ஆரம்பித்தார்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஏன் நின்றது, எப்படி நின்றது என்று கேட்க யாருக்கு நேரம்? கரட்டுப்பாளையம் என்றால் என்ன பெரிய ஊரா? ஒரு மொட்டைக் கரடு, ஒரு பஸ் ஸ்டாண்டு, அதைச் சுற்றி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற ஆயிரம் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டும் துணி துவைத்துப் போட்டும் பிழைக்கிற ஜனங்கள், அவ்வளவுதான். முடியும் நகமும் வளராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சலூன்காரர் மட்டும் இரண்டு மாதம் புலம்பினார். பிறகு நாற்காலிகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஜெராக்ஸ் மெஷின் வாங்கி வைத்தார், நன்றாகவே ஓடியது. அரசு டாக்டர் ஒருவர் வந்து எல்லார் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தாசில்தார் ஆபீசில் அதற்கென்று ஒரு சர்டிபிகேட் அச்சடித்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் இருபது வருசமாக அதே முகத்தையும் அதே பாஸையும் பார்த்து, கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டார்கள்.

எல்லாரையும்விடச் சந்தோசப்பட்டது பெற்றவர்கள்தான். பிள்ளைக்கு வயசு போகிறதே என்கிற பயம்தானே பெற்றவரைத் தூங்கவிடாத பயம்? அது தீர்ந்தது. இந்த வருசம் இல்லாவிட்டால் அடுத்த வருசம், அடுத்த வருசம் இல்லாவிட்டால் அதற்கடுத்த வருசம். பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கல்யாண வயசு தாண்டிவிடுமே என்கிற கவலையும் கிடையாது. வயசு நம் கையில் இருக்கிறது, படிக்கட்டும் என்றார்கள்.

பாவாயிக்கும் அப்போது சந்தோசம்தான். பொய் சொல்லக் கூடாது.

பாவாயி பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஆயா. இருபது வயசில் வேலைக்குச் சேர்ந்தவள். புருசன் லாரியோடு வடக்கே போனவன், போன இடத்திலேயே ஒரு குடும்பம் தேடிக்கொண்டான். கழுதை, போய்த் தொலையட்டும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்: மூத்தவள் சங்கவி, அவளுக்கு ஏழு வயசு இளையவன் லோகு. ஆஸ்பத்திரியில் பாவாயிக்குப் பெயர் கிடையாது. பெட்பேன் எடுக்கிறவளுக்குப் பெயர் எதற்கு? நேற்று மீசை முளைத்த பயிற்சி டாக்டர்கூட, ஏ, இந்தா, இங்க வா என்றுதான் கூப்பிடுவான். அப்படியிருக்கும்போது சங்கவி பத்தாவது பரீட்சையில் அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். பாவாயி வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பெரிய நர்சம்மா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப உன்ற பொண்ணு டாக்டர்தான் போ! இனிமேப்பட்டு நீ டாக்டரூட்டம்மா," என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து, டாக்டர் வீட்டு அம்மா என்கிற அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டரூட்டம்மா, நாலாம் நம்பர் பெட்டுக்கு விரிப்பு மாத்து. டாக்டரூட்டம்மா, வாந்தி எடுத்துட்டாங்க, பக்கெட்டக் கொண்டா. கிண்டலுக்குத்தான் ஆரம்பித்தார்கள், பாவாயிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பதினாறு வருசம் 'ஏ' என்று கேட்ட காதில் ஓர் 'அம்மா' விழுந்தால், அது கிண்டலாக விழுந்தால் என்ன, எப்படி விழுந்தால் என்ன? அவள் அந்தப் பெயருக்கு ஓடி ஓடிப் போனாள். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் நிமிர்ந்து ஓடினாள். தப்பு நடந்தது அங்கேதான்.

சங்கவியைச் சென்டரில் விட்ட அன்று அவளுக்கு வயது பதினேழு, பாவாயிக்கு முப்பத்தெட்டு. சென்டர் நடத்தினவர் குழந்தைவேலு சார், தாவரவியல் வாத்தியாராக இருந்து வேலையை விட்டவர், நல்ல மனுசர். அவரிடம் மந்திரமெல்லாம் கிடையாது, பழக்கம்தான். விடிகாலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் முகம் கழுவ வேண்டும். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுப் பார்க்காமல் எழுத வேண்டும். தப்பு விட்டதைத் தப்பு நோட்டில் எழுதி, ஏன் விட்டோம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்திவிட்டு, கடிகாரம் வைத்து, பழைய கேள்வித்தாளை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பரீட்சை ஹாலில் ஃபேன் ஓடும் என்று யார் கண்டது? எல்லாவற்றுக்கும் மேலே, ஹால் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்: இன்று படித்ததை மூன்றாம் நாள் திருப்பு, ஏழாம் நாள் திருப்பு, இருபத்தோராம் நாள் திருப்பு, அப்புறம் நீயே நினைத்தாலும் மறக்காது.

சங்கவி எல்லாவற்றையும் செய்தாள். ஒரு நாள் பிசகவில்லை. செல்லையும் திசுவையும் திருப்பினாள், அமிலத்தையும் காரத்தையும் திருப்பினாள், மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இருபத்தோராம் நாளும் திருப்பினாள், தப்பு நோட்டு தீரத் தீரப் புது நோட்டு போட்டாள். முதல் வருசம் ஒரு மார்க்கில் போயிற்று. அடுத்த வருசம் பத்து மார்க் கூட வாங்கினாள். கட்-ஆஃபும் பத்து ஏறியது. அதற்கடுத்த வருசம் ஆறு கூட வாங்கினாள்; அதுவும் ஆறு ஏறியது. அவள் ஏற ஏற அதுவும் ஏறியது, எப்போதும் ஒரே ஒரு மார்க். பாவாயி ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஒரு மார்க்குதான சாமி, எட்டிப் புடிச்சரலாம்," என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனாள். அங்கே டாக்டரூட்டம்மா என்று கூப்பிட்டார்கள்.

இப்படியே இருபத்தோரு வருசம் போயிற்று. லோகு வளர்ந்து, அக்காவின் உயரத்தைத் தாண்டி, அக்காவின் வயசைத் தாண்டி, பேட்டரி கடை வைத்து, கல்யாணம் கட்டி, பெண் குழந்தைக்குத் தகப்பனாகி, முப்பத்தோரு வயசு ஆளாக ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றுகொண்டு, ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண்ணை "அக்கா" என்று கூப்பிட்டான். வாட்ச்மேன் உட்பட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அது சகஜம்.

அந்த வருசந்தான் மயில்வாகனனுடைய அப்பா வந்தார். மயில்வாகனன்தான் அங்கே எல்லாரிலும் பழைய ரிப்பீட்டர். அவனுடைய அப்பா சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுகிறவர், பாவம், எழுபதைத் தாண்டிவிட்டார். மத்தியானச் சோற்று நேரம். வரிசையில் தட்டோடு நின்ற மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "டேய், நீ பாஸாகவே வேண்டாம்டா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். பசியோட நிக்கற, வா, ஊட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம்," என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதார். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் சர்டிபிகேட் வாங்க வந்த மயில்வாகனனுக்குத் தலைமுடி காதை மூடியிருந்தது. தாடையில் முள் முள்ளாக முடி. ஜெராக்ஸ் கடைக்காரர் பரணில் கிடந்த நாற்காலியை இறக்கித் தூசி தட்டி, அவனை உட்கார வைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சவரம் பண்ணிவிட்டார்.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, பிள்ளைகளை நிறுத்தி வைத்திருந்தது சென்டரும் அல்ல, பரீட்சையும் அல்ல, பெற்றவர்களின் ஆசைதான் என்று. அதன்பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாக்களும் அப்பாக்களும் சோற்று வரிசையில் வந்து நின்று, பிள்ளை கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, மயில்வாகனன் அப்பா சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பித்தார்கள். மயில்வாகனன் தட்டில் அன்றைக்கு முட்டை இருந்ததாக யாரோ சொல்ல, சைவக்காரர்கள்கூட முட்டையோடு வந்தார்கள். வார்த்தை சரிதான், தட்டும் சரிதான், அழுகைகூடச் சரிதான். ஆனால் ஒப்பித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பிள்ளையின் மேலுதட்டைப் பார்த்தார்கள். மீசை வருமா, வந்தால் அப்புறம் பாஸாவானா என்று உள்ளே கணக்குப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நூற்றில் மூன்று பேருக்கோ நான்கு பேருக்கோதான் முடி வளர்ந்தது.

பாவாயியும் போனாள். தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "வேண்டாஞ்சாமி, போதும், ஊட்டுக்குப் போலாம் வா," என்று தன் வாயால், தன் சொல்லாலேயே சொன்னாள். தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். புத்தகத்தையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். ஒரு வாரம் கழித்துச் சங்கவியின் கையை எடுத்து நகத்தைப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாள். இருபத்தோரு வருசத்துக்கு முன்னால் வெட்டிய இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது.

"நீ இன்னும் அதையே நெனச்சுட்டிருக்கறயா கண்ணு?" என்று கேட்டாள்.

"நான் ஆறாவது வருசமே விட்டுட்டேம்மா," என்றாள் சங்கவி. "எனக்கு ரத்தத்தப் பாத்தாலே ஆகாது. உங்கிட்டச் சொல்லப் பயந்துட்டுப் படிச்சுட்டே இருந்தேன்."

"அப்பப் பொறகு ஏன்..."

"நீ விடலம்மா."

"சத்தியமா விட்டுட்டேன் அம்மணி! புஸ்தகத்த எரிச்சனே, பாத்தியல்ல?"

சங்கவி கையைக் காட்டினாள். பாவாயி அந்த நகத்தைத் தடவிப் பார்த்தாள். வாய் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், பிள்ளையின் நகத்திடம் பெற்றவள் எப்படிப் பொய் சொல்வது?

சங்கவி கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குப் பதினெட்டு ஆக வேண்டும். பெரிய ஆசையா அது? உலகத்தில் எல்லாருக்கும் தானாக நடக்கிற காரியம். லோகுவின் கடையில் உட்கார்ந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுப் போடப் போனால் பதினெட்டு ஆகட்டும் என்றார்கள், லைசென்ஸ் எடுக்கப் போனால் பதினெட்டு ஆகட்டும் என்றார்கள். பேட்டரி லோடு இறக்க வந்த ஒரு பையன் ஒரு வருசம் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவளும் சிரித்தாள்; மறு வருசம் அவன் மனைவியோடு வந்து, "தங்கச்சி, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்று சங்கவி சாப்பிடவில்லை.

பாவாயி ரிட்டையர் ஆன மறுநாள், பஸ் ஏறிக் கரட்டுப்பாளையம் போய், குழந்தைவேலு சார் முன்னால் நின்றாள். சாருக்கும் வயசாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம்.

"சார், படிச்சத மறக்கறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

சார் திடுக்கிட்டுப் போனார். நாற்பது வருசத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருப்பக் கூடாதும்மா," என்றார். "மூணாம் நாள் நெனப்புக்கு வரக் கூடாது, ஏழாம் நாள் வரக் கூடாது, இருபத்தோராம் நாள் வரக் கூடாது. மூணு தடவ தப்பிச்சுட்டாப் போதும், தானாப் போயிரும். எந்தப் பாடம்மா மறக்கோணும்?"

"ஒரே வரிதாங்க," என்றாள் பாவாயி.

என் மகள் டாக்டர் ஆவாள் என்கிற ஒரே வரிதான், ஆனால் அதை ஊரே சேர்ந்து அவளுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மனசைக் கட்டிப் போட்டாள். மூன்றாம் நாள் பென்ஷன் வாங்கப் போன இடத்தில் கிளார்க், "வாங்க டாக்டரூட்டம்மா," என்றான். போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஏழாம் நாள் பழைய நர்சம்மா சந்தையில் தூரத்திலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டாள். இனிமேல் அப்படிக் கூப்பிடாதீங்க என்று வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். சரி டாக்டரூட்டம்மா என்று சொல்லி அனுப்பினார்கள். லோகு ஊரையே மாற்றினான். பேர் தெரியாத ஊரில், அறிமுகம் இல்லாத தெருவில், வாடகை வீட்டில் இருபது நாள் வரைக்கும் தப்பித்தாள். இருபத்தோராம் நாள் எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு டாக்டரம்மா காரில் வந்து இறங்கினாள், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். பாவாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு நொடிதான். அந்தக் கோட்டுக்குள்ளே சங்கவியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. லோகுவின் மகள் மிருதுளாவுக்குப் பதினேழு ஆனபோது, அவள் கணக்குப் படிப்புக்குப் போகிறேன் என்றாள். "அவ இஷ்டம், என்ன வேணாலும் படிக்கட்டும், படிக்காட்டியும் போகட்டும்," என்று பாவாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஒரு வருசம் அத்தையும் மருமகளும் ஒரே வயசு, ஒருத்தி துணியை ஒருத்தி போட்டுக்கொண்டார்கள். மறுவருசம் மிருதுளா ஓட்டுப் போட்டுவிட்டு மை வைத்த விரலோடு வந்தாள். சங்கவி அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பேத்திக்கு எவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தோம், பெற்ற மகளுக்கு அது முடியவில்லையே என்று பாவாயிக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கையிலிருந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு.

மறதி வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் கிழமையை, அப்புறம் சாப்பிட்டதை. லோகு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். நினைவு நரம்பு தேய்கிறது, நிறுத்த முடியாது, ஆனால் தினம் இரண்டு மாத்திரை போட்டால் மெதுவாகத்தான் போகும் என்றார்கள். சங்கவிதான் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள்.

ஒருநாள் காலை, தண்ணீர் டம்ளரை வாங்கும்போது பாவாயியின் விரலை ஏதோ கீறியது.

"கையக் காட்டு அம்மணி."

சங்கவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாவாயி பிடித்து இழுத்துப் பார்த்தாள். பத்து விரலிலும் நகம் வெள்ளை வெளேரென்று வளர்ந்திருந்தது.

"எப்பருந்து?"

"ரெண்டு வாரமா," என்றாள் சங்கவி, அழுகை வந்துவிட்டது. "அந்த ரெண்டு வாரமும் உனக்கு என்னைய யாருன்னு தெரியலம்மா. வார்டுல புதுசாச் சேந்த புள்ளையின்னு நெனச்சுட்டு, பக்கெட்ட எங்க வெச்சேன்னு கேட்டுட்டிருந்த. இன்னைக்குத்தான் தெளிஞ்சு பேரச் சொல்லிக் கூப்பிட்ட."

பாவாயி ஏழு நாள் பார்த்தாள். தெளிவாக இருந்த அந்த ஏழு நாளும் நகம் அரிசி நுனியளவுகூட நகரவில்லை. அவளுக்கு விசயம் புரிந்துவிட்டது. நாற்பது வருசம் வார்டில் இருந்தவள், மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து நர்சு போனதும் துப்புகிற நோயாளிகளை எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்! எட்டாம் நாளிலிருந்து அவளும் ஒதுக்கினாள். மூன்றாவது மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே துப்பும்போது சங்கவி பார்த்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? எனக்குப் பதினெட்டே வேண்டாம். இப்படியே இருந்துட்டுப் போறேன். நீ என்னைய அம்மணின்னு கூப்பிட்டாப் போதும்."

"அம்மணின்னு நெறையக் கூப்பிட்டாச்சு சாமி," என்றாள் பாவாயி. மகளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உன்னைய மட்டும் வெச்சுக்கிட்டு, அந்த ஆசைய மட்டும் விட்டரலாம்னு எத்தன வருசம் பாத்தேன். எனக்குத் தெரியலயே. ரெண்டும் ஒண்ணாவே எனக்குள்ள வளந்துபோச்சு. உன்ற மொகம் வந்தா அதுவும் கூடவே வருது. போனாச் சேந்துதான் போகும். போகட்டும் உடு."

"நான் உடமாட்டேன். தெனமும் நான் சங்கவி, நான் சங்கவின்னு சொல்லிட்டே இருப்பேன்."

"சொல்லாத." பாவாயியின் குரல் கெட்டியாக இருந்தது. "நீ யாருன்னு நான் கேட்டாலும் சொல்லாத. மூணாம் நாள் கேப்பேன், சொல்லாத. ஏழாம் நாள் கேப்பேன், சொல்லாத. இருபத்தோராம் நாள் காலப் புடிச்சுக் கேட்டாலும் சொல்லாத. நான் கேட்டு நீ படிச்ச, எத்தனையோ வருசம். இதையும் எனக்காகச் செய். எங்கிட்டச் சத்தியம் பண்ணு."

சங்கவி சத்தியம் பண்ணினாள். பண்ணாமல் என்ன செய்வாள்?

மாத்திரையை நிறுத்தினார்கள். லோகு இரண்டு நாள் சண்டை போட்டான், மூன்றாம் நாள் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். ஐப்பசி மழையில் ஒருநாள் பாவாயிக்கு நினைவு மறுபடி அறுந்தது. மூன்றாம் நாள், "நீ யாரு?" என்று கேட்டாள், "பக்கத்து ஊடுங்க," என்றாள் சங்கவி. ஏழாம் நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, சங்கவியின் முகத்தையே உற்றுப் பார்த்து, "உன்னைய எங்கியோ பாத்திருக்கறேனே," என்றாள். சங்கவிக்குத் தன் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சொல் போதும், அம்மா திரும்பி வந்துவிடுவாள். "சந்தையில பாத்திருப்பீங்க," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இருபத்தோராம் நாள் பாவாயி கேட்கவே இல்லை.

ஒரு வருசம் போயிற்று.

ஐப்பசியில் வெயில் அடித்த ஒரு காலையில் பாவாயியை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. ஒரு பெண் வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கெடுக்கும்போது வலிக்காமல் எடுத்தாள். யார் வீட்டுப் பெண்ணோ, லட்சணமாக இருந்தாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது, புதுசாகத் தைத்த ஜாக்கெட்டு போட்டிருந்தாள். பாவாயிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஏங்கண்ணு, உனக்கு என்ன வயசு?"

சீப்பு நின்றது. "பதினெட்டுங்க," என்றாள் அந்தப் பெண். "இன்னைக்குத்தான் ஆச்சு."

"அட! எங்கியாச்சும் படிக்கறயா?"

"இல்லீங்க. தம்பி கடையில இருக்கறேன்."

"அதனாலென்ன போ. கையுங்காலும் நல்லாருந்தாப் போதும்." பாவாயி திரும்பி அவள் தாடையைத் தொட்டாள். அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து தண்ணீர் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் முந்தானை நுனியை எடுத்து அதைத் துடைத்துவிட்டாள்.

"பொறந்த நாளும் அதுவுமா அழுவாத," என்றாள். "இப்புடி ஒரு புள்ளையப் பெக்கறதுக்கு, உன்னப் பெத்தவ குடுத்து வெச்சிருக்கோணும்."